கரடிப் பெட்டியில புளியோதரை

"டூத்பேஸ்ட்டயும் உள்ள வைடா, அந்த வாசத்துக்கே கரடி வரும்"னு மச்சான் கத்துறான்.

அமெரிக்காவுல தாஹோ ஏரி, அதுல எமரால்ட் பேங்கிற வளைகுடா, போட்ல வந்து இறங்கின கேம்ப். கரடியால திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள்ள புளியோதரை, ஊறுகாய், சோப்பு, சன்ஸ்க்ரீன்னு வாசமடிக்கிற எல்லாத்தையும் தள்ளிப் பூட்டியாச்சு, இனி ராத்திரி பசிச்சா டென்ட்டுக்குள்ள ஒரு முறுக்கு கூட கிடையாது.

ஊர்ல பூட்டுறது திருடனுக்குப் பயந்து. இங்க கரடி நல்லா இருக்கணும்னும்தான். நம்ம சாப்பாட்டு ருசி பழகிட்டா அது மனுஷங்களயே சுத்திச் சுத்தி வரும், கடைசில அதையே கொல்ல வேண்டியதாயிடும். முறுக்குக்காக ஒரு உசுரு!

தண்ணி, ஜூலையிலயும் கால வச்சா சுள்ளுங்குது. 501 மீட்டர் ஆழமுள்ள ஏரியாச்சே.

எதிர்ல ஃபனெட், தாஹோவோட ஒரே தீவு. உச்சியில ஒரு அம்மா டீ குடிக்கன்னே கட்டின கல்லு வீடு, இப்ப வெறும் சுவர்தான். பணம் இருந்தா என்னவெல்லாம் தோணுது பாருங்க!

காலைல கயாக்ல அங்க போறோம், ஃப்ளாஸ்க்ல டீயோட.