வீட்டிலேயே ரோபோட்டிக்ஸ்: கடைசியில் எதை எடுத்தோம்

எங்கள் வீட்டில் ஹோம்ஸ்கூலிங். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 12. தமிழ், கணக்கு எல்லாம் நாங்களே சமாளித்துவிட்டோம், கோடிங் என்று வந்தபோதுதான் முழி பிதுங்கியது, நான் படித்தது காமர்ஸ்.

முதலில் ஒரு ஆன்லைன் வகுப்பின் டெமோவில் மகளை உட்கார வைத்தேன். ஸ்க்ராட்ச் என்கிற, பிளாக்குகளை இழுத்து அடுக்கி கோடிங் செய்கிற தளத்தில், அரை மணி நேரத்தில் பூனை நடக்கிற ஒரு கேம் தயார். மறுநாளே போன், இன்றைக்குக் கட்டினால் பாதி ஃபீஸ் என்று. கட்டப்போகிற நேரத்தில், "அந்தப் பூனையைப் பின்னால் நடக்க வை பார்ப்போம்" என்று சும்மா கேட்டேன். முழித்தாள். சொன்ன பிளாக்கைச் சொன்ன இடத்தில் இழுத்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஸ்க்ராட்ச் இலவசம்தானே, சரி என்று வீட்டிலேயே திறந்து கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, 10 இருக்கிற இடத்தில் -10 போட்டால் பூனை பின்னால் போகிறது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். மைனஸ் எண்ணைக் கணக்கில் நாங்கள் இன்னும் தொடவே இல்லை!

அதற்கப்புறம் எந்தப் பாடத்திட்டமானாலும், பாடம் முடிந்ததும் மாற்றிப் பார்க்க விடுகிறதா, அடுத்த வீடியோவுக்குத் தள்ளுகிறதா என்றுதான் பார்த்தேன். பாகம் உடைந்தால் வெளியில் கிடைக்குமா என்பதும் முக்கியம். ஒருவர் பழைய லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் தருகிறேன் என்றார், ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் 2022 கடைசியோடு அது நின்றுபோன சரக்கு.

மகனுக்கு மைக்ரோபிட், கோடிங் பழகுவதற்கான ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு. 25 குட்டி எல்இடி, அசைவை உணரும் சென்சார் எல்லாம் போர்டிலேயே இருப்பதால் வயர் தொல்லை இல்லை. அதற்குக் கோடிங் செய்கிற மேக்கோட் தளத்தில் பிளாக்காக எழுதியதை, டைப் செய்து எழுதுகிற பைத்தான் மொழியிலும் பார்க்கலாம், அவனே அதற்குத் தாவிவிட்டான்.

மோட்டார், சென்சார் எல்லாம் நாமே வயர் போட்டு இணைக்கிற ஆர்டுயினோ போர்டில்தான் அடி வாங்கினோம். சர்க்யூட்டைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கிற டிங்கர்கேட் தளத்தில் சமர்த்தாகச் சுற்றிய மோட்டார், சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கிக் கட்டிய வண்டியில் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது, போர்டும் அணைந்து அணைந்து எரிந்தது. நான்கு நாள் கோடிங்கையே நோண்டினோம். கடைசியில் பார்த்தால் குற்றவாளி சதுர 9 வோல்ட் பேட்டரி. இரண்டு மோட்டார் கேட்கிற கரண்ட்டை அதனால் தர முடியாது, வோல்டேஜ் இறங்கியதும் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. 18650 என்கிற ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல் இரண்டு போட்டோம் (அதற்கென்று உள்ள நல்ல சார்ஜராக வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்), வண்டி நேராகப் போய் ஃபிரிட்ஜில் மோதியது.

இனி மோதாமல் நிற்க, ஒலி அலையால் தூரத்தை அளக்கிற அல்ட்ராசானிக் சென்சார் வேண்டுமாம். சனிக்கிழமை மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட்.