சுருள் அறுந்த அடுப்பும் மின் கணக்கும்

தரம் 10 இல் படிக்கும்போது மின் கணக்கு என்றால் எனக்கு அலட்சியம். வி சமன் ஐ ஆர், வலு சமன் வி ஐ (வி அழுத்த வித்தியாசம், ஐ மின்னோட்டம், ஆர் தடை). இரண்டே வரி, இதில் என்ன இருக்கிறது? அடுத்த வருடத் தவணைப் பரீட்சையில் அந்த இரண்டு வரியிலேயே இரண்டு தரம் சறுக்கினேன். இப்போது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளும் அதே இரண்டு இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முதலாவது சின்ன விசயம். 6 வோல்ற்று, 150 மில்லிஅம்பியர், தடை என்ன? நான் 6 ஐ 150 ஆல் வகுத்து 0.04 ஓம் என்றேன். விடைகளில் அதுவும் இருந்தது! வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு நாம் எங்கே விழுவோம் என்று நன்றாகத் தெரியும். 150 மில்லிஅம்பியர் என்பது 0.15 அம்பியர், ஆகவே சரியான விடை 40 ஓம். வலு 6 × 0.15, அதாவது 0.9 வாற்று. கணக்கைத் தொடங்கும் முன்னே எல்லாவற்றையும் அம்பியருக்கும் வோல்ற்றுக்கும் மாற்றி ஒரு ஓரத்தில் எழுதிவிடுங்கள். விடை வந்த பிறகு ஒரு தரம் யோசியுங்கள்: 0.04 ஓம் ஒரு துண்டு இணைப்புக் கம்பிக்கு இருக்கலாம், தடையிக்கு இருக்குமா?

இரண்டாவதுதான் என்னை உண்மையில் குழப்பியது. தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா? வலுவுக்கு இன்னும் இரண்டு சூத்திரம் உண்டு: ஐ வர்க்கம் பெருக்கல் ஆர், வி வர்க்கம் வகுத்தல் ஆர். ஒன்றில் ஆர் மேலே, மற்றதில் கீழே. நான் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, தடை கூடினால் சூடும் கூடும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

அதைத் தீர்த்து வைத்தது எங்கள் லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த கரண்ட் அடுப்பு. சுட்ட மண் தட்டில் பள்ளம் வெட்டி, சூடேறும் நிக்குரோம் கம்பிச் சுருளை வளைத்து வைத்த பழைய அடுப்பு. ஒரு நாள் சுருள் அறுந்தது. மாமா பிளக்கைக் கழற்றிவிட்டு, கருகிய துண்டை நறுக்கி எறிந்து, மிச்ச நுனிகள் இரண்டையும் முறுக்கிக் கோத்தார்.

“சுருள் குட்டையாயிருச்சு மாமா. தடை குறைஞ்சா சூடும் குறையும்ல?”

“புத்தகத்த அப்புறம் பாரு, இப்ப அடுப்பப் பாரு” என்றார்.

அடுப்பு முன்னைவிடச் சிவந்து எரிந்தது.

அன்றைக்குக் கொப்பியில் போட்ட கணக்கு இது. 230 வோல்ற்று, 1000 வாற்று அடுப்பு. மின்னோட்டம் 1000 ÷ 230, ஏறத்தாழ 4.35 அம்பியர். தடை 230 இன் வர்க்கத்தை 1000 ஆல் வகுக்க, 52.9 ஓம். (பரீட்சையில் கல்குலேட்டர் இல்லை. 230 இன் வர்க்கம் 52900 என்பதைப் பாடமாக்கி வையுங்கள்.) சுருளில் பத்தில் ஒரு பங்கு போனால் தடை 47.6 ஓம் அளவுக்கு இறங்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று சுருளுக்காக மாறாது. ஆகவே 52900 ÷ 47.6, கிட்டத்தட்ட 1111 வாற்று. தடை குறைந்தது, வலு கூடியது.

கதை அதோடு முடியவில்லை. ஒரு வாரத்தில் சுருள் மறுபடி அறுந்தது, அதுவும் மாமா முறுக்கிய அதே இடத்தில்! கோத்த இடத்தில் கம்பிகள் இறுக்கமாகத் தொடாததால் அங்கே கொஞ்சம் கூடுதல் தடை. சுருள் முழுவதும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரே மின்னோட்டம் என்றால் ஐ வர்க்கம் ஆர். தடை கூடிய புள்ளிதான் அதிகம் சூடேறும். ஒரே அடுப்பில் இரண்டு சூத்திரமும் சண்டையில்லாமல் வேலை செய்தன. அன்றிலிருந்து கேள்வியை வாசித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே மாறாமல் இருப்பது எது? தொடரில் (ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால்) மின்னோட்டம், சமாந்தரத்தில் (பக்கத்தில் பக்கமாக இணைத்தால்) அழுத்த வித்தியாசம்.

60 வாற்று, 100 வாற்று குண்டு பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் எது கூடுதலாக ஒளிரும் என்ற கேள்விக்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 100 என்பார்கள். இரண்டும் 230 வோல்ற்று பல்புகள் என்றால், 52900 ஐ வாற்றால் வகுக்க, 60 வாற்று பல்பின் தடை சுமார் 882 ஓம், மற்றதன் தடை 529 ஓம். தொடரில் ஓடுவது ஒரே மின்னோட்டம், ஆகவே 60 தான். இதில் ஒரு வேடிக்கை: எரியாத 60 வாற்று பல்பை மல்டிமீற்றரில் அளந்தால் 882 க்குக் கிட்டவும் வராது, பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. தங்குதன் இழை சூடேறினால்தான் அந்தத் தடை வரும். அளந்துவிட்டு மீற்றர் பழுது என்று சொல்லாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன்.

பின்னேரம் லயத்தில் எல்லா வீட்டிலும் கேத்தல் போடும் நேரத்தில் வோல்ற்று இறங்கும். 230 க்குப் பதில் 180 வோல்ற்று வந்தால் 1000 வாற்று கேத்தல் என்ன தரும்? 780 என்று சொல்லத் தோன்றும். தடை அதே 52.9 தான் என்று எடுத்தால், 32400 ÷ 52.9, அதாவது 612 வாற்று. வோல்ற்று வர்க்கமாகப் போவதால் இந்த அடி. தேத்தண்ணி கொதிக்க ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும்.

வீட்டுப் பிளக்கில் மீற்றர் முனையைச் செருகி எதையும் அளக்க வேண்டாம். இரண்டு டோர்ச் பட்டரி, ஒரு சின்ன பல்பு போதும். அம்பியர்மானி தொடரில், வோல்ற்றுமானி சமாந்தரத்தில். மாற்றிப் போட்டால் அம்பியர்மானிதான் போகும்.

போன கிழமை வகுப்பில் அந்த அடுப்பையே கேள்வியாகப் போட்டேன். சுருளைச் சரிபாதியாக வெட்டி மாட்டினால்? 26.45 ஓம், 2000 வாற்று, 8.7 அம்பியர். “5 அம்பியர் பிளக்கில் போடலாமா?” என்றேன். பின் வாங்கில் இருந்த தங்கச்சி கணக்குப் போடாமலே சொன்னாள்: “அடுப்புக்கு முன்னாடி பிளக் பத்திக்கிரும் சேர்.”