போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் சர்வரை மறுபடி நிறுவுகிறீர்களா?

டிஸ்க்கைத் தொடும் முன் பிஜி_டம்ப்ஆல் கட்டளையால் முழு பேக்கப் எடுத்து வேறொரு மெஷினில் வையுங்கள். ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும் பிஜி_டம்ப் போதாது. அதில் யூசர்களும் பாஸ்வேர்டும் வராது.

நிறுவியபின் வெளியிலிருந்து இணைத்துப் பாருங்கள். பாதி விடை பிழைச்செய்தியிலேயே இருக்கும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் சர்வர் லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே மெஷினிலிருந்து வரும் இணைப்புக்கு மட்டும் காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் ஃபைலில் லிசன்_அட்ரஸஸ் வரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள், அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்கும் ரீலோட் உதவாது. 'பிஜி_எச்பிஏ என்ட்ரி இல்லை' என்று வந்தால், யார் எங்கிருந்து எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ ஃபைலில் உங்கள் ஐபிக்கு ஒரு வரி சேருங்கள். இதற்கு ரீலோடே போதும். பதிலே இல்லாமல் தொங்கினால் ஃபயர்வாலைப் பாருங்கள்.

பலரை மணிக்கணக்கில் அலையவிடுவது இன்னொன்று: பாஸ்வேர்டு சரிதான், ஆனால் உள்ளே விடாது. பழைய சர்வரில் அது எம்டி5 என்ற பழைய முறையில் ஹாஷாக (உருமாற்றிச் சேமித்த வடிவமாக) இருந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக ஸ்க்ராம் என்ற புது முறைதான். பிஜி_எச்பிஏ ஸ்க்ராம் கேட்டால் பழைய ஹாஷ் செல்லாது. அதே பாஸ்வேர்டையே மறுபடி ஒருமுறை வைத்தால் புது ஹாஷ் உருவாகிவிடும்.

தயவுசெய்து போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை இணையம் முழுக்கத் திறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச் டனல் என்ற மறையாக்கப்பட்ட பாதையில் உங்கள் லேப்டாப்பின் 5433ஐ சர்வரின் 5432உடன் இணைத்தால் லிசன்_அட்ரஸஸ் பக்கம் போகவே வேண்டாம். அப்போது சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீ மாறியதாக எஸ்எஸ்எச் எச்சரிக்கை வரும். மறுபடி நிறுவியதால் வருவதுதான். புதுக் கீயைச் சர்வர் கன்சோலில் சரிபார்த்துவிட்டு, பழையதை உங்கள் லேப்டாப்பின் நோன்_ஹோஸ்ட்ஸ் ஃபைலிலிருந்து நீக்குங்கள்.