பதினோராம் பக்கத்துப் புறா

அச்சகத்தில் என் கையால் நடந்த தப்புகளுக்குக் கணக்கில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை மாப்பிள்ளைக்கே போட்டிருக்கிறேன். ஒரு நினைவு அட்டையில் தோற்றமும் மறைவும் இடம் மாறி, செத்த பிறகு பிறந்தவராக ஒரு பெரியவரை ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறேன். திட்டு வாங்கி, சம்பளத்தில் பிடித்தம் போய், அதையெல்லாம் மறந்தும் போனேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் வெளியே போன பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

2013 ஜனவரி. ஐக்கிய வாரத்துக்கான ஆராதனை முறைமை. ஜனவரி 18 முதல் 25 வரை எல்லாச் சபைகளும் சேர்ந்து ஜெபிக்கிற வாரம் அது. எங்கள் ஊரில் எட்டு நாளும் நடப்பதில்லை, ஒரு சாயங்காலம்தான். ஆர்.சி. என்கிற கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், சால்வேஷன் ஆர்மி வருவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் அழைப்பு போகும், வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அதன் தலைப்பை முடிவு செய்யவே மூன்று கூட்டம் போட்டார்கள். ஆர்.சி.காரர்களுக்குச் செபம், சி.எஸ்.ஐ.காரர்களான எங்களுக்கு ஜெபம். அவர்கள் ஒன்றிப்பு என்பார்கள், நாங்கள் ஐக்கியம் என்போம். கடைசியில் 'ஐக்கிய வழிபாடு' என்று வந்து நின்றது. ஐக்கியம் எங்களுடையது, வழிபாடு அவர்களுடையது. அடுத்த தகராறு கர்த்தர் கற்பித்த ஜெபத்தில். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்பதா, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்பதா? இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்ற முடிவு அவர்கள் பக்கத்தில் இல்லாததால் அங்கே மூன்று வரி குறைந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிச் சரிக்கட்டினேன். எல்லோருக்கும் சந்தோஷம். இந்த வேலைக்கு நான் சரியான ஆள் என்று எனக்கே ஒரு பெருமை.

ஜெபங்களைத் தமிழாக்கித் தந்தவர் ஒரு சிஸ்டர். முப்பது வயசு இருக்கும். ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்துக்கான பொருளை ஒவ்வொரு நாட்டார் தயாரிப்பது வழக்கம். 2013இல் அது இந்தியாவின் முறை. இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் முன்நின்று தயாரித்தது. மீகா ஆறாம் அதிகாரம்: 'நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கர்த்தர் உன்னிடத்தில் கேட்கிறார்.' தலித் மக்கள் படுகிற அநியாயத்தை நினைத்து ஜெபிக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. உலகம் முழுக்க அந்த வருஷம் நம் ஊர்ச் சாதிக்காக ஜெபித்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

சிஸ்டர் ஐந்து மன்றாட்டு எழுதியிருந்தார். நான்காவது இது: 'ஆண்டவரே, ஒரே அப்பத்தில் பங்குபெற்றும் ஒரே மண்ணில் புதைய மனமில்லாத எங்களை மன்னித்தருளும். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் எழுப்பிய சுவர்களை நீரே இடித்தருளும்.' மூன்றே வரி. அடித்தவன் என்பதால் மனப்பாடமாகிவிட்டது. அல்லது அழித்தவன் என்பதால்.

பிளேட்டுக்கு அனுப்ப வேண்டிய அன்று சாயங்காலம் கமிட்டிச் செயலர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். என் தம்பியின் பள்ளிக்கூடக் கட்டணத்தை ஒரு வருஷம் சத்தமில்லாமல் கட்டியவர்.

"தம்பி, பதினோராம் பக்கத்துல நாலாவது விண்ணப்பம் இருக்குல்லா, அதை எடுத்துருங்க."

"சரி சார்."

"யாராவது கேட்டா பக்கத்துல இடம் பத்தலைன்னு சொல்லிருங்க. அந்தத் தகராறு ஓடிட்டு இருக்கு, உங்களுக்குத் தெரியும்ல."

"சரி சார்."

அவ்வளவுதான். பக்கத்து கிராமம் ஒன்றில் அடக்கம் பண்ணுவதில் தகராறாகி, போலீஸ் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். அதில் சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பும் அந்த ஆராதனைக்கு வருவதாக இருந்தது. அவர் பயந்ததில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு 'சரி சார்' சொன்னேன் அல்லவா, முதல் சரியைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுத்தல் இல்லை. வேலை கொடுத்தவர் எடு என்றால் எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது சரிதான். 'சிஸ்டர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்' என்று சொல்லியிருக்கலாம். மரியாதைக் குறைவான பேச்சு இல்லையே அது. மனசுக்குள் அதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வரியை எடுத்தேன். ஐந்தாவது மன்றாட்டு நான்காவதாக ஏறியது. அது அரசாங்கத்துக்கானது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு மறுக்கப்பட்ட பட்டியல் சாதி உரிமையை ஆட்சியாளர்கள் வழங்கும்படி வேண்டுகிற ஜெபம். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், நம்மை விட்டுவிட்டார்கள். 2004இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. நியாயமான ஜெபம்தான், அதை எடுக்கச் சொல்லி யாரும் போன் செய்யவில்லை. டெல்லி திருந்த வேண்டும் என்ற வரி இருந்தது, நாங்கள் திருந்த வேண்டும் என்ற வரி போனது. அன்று இரவு இது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பள்ளம் விழுந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது.

வெற்றிடம் கண்டால் ஒரு பூவோ கோடோ வைக்கிற புத்தி எங்கள் தொழிலுக்கு உண்டு. ஒலிவக் கிளையைக் கவ்விய புறா ஒன்று கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து நடுவில் வைத்தேன். பக்கம் நிறைந்தது.

இரண்டு நாள் கழித்து சிஸ்டரே ஆட்டோவில் வந்தார், கட்டுகளை எடுத்துக்கொண்டு போக. ஒரு பிரதியை உருவிப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, நாலாவது மன்றாட்டு?"

"இடம் பத்தலை சிஸ்டர்."

பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புறா நல்லா இருக்கு."

கட்டுகளை எண்ணினார். டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆட்டோக்காரர் தூக்கி வைக்க, போய்விட்டார். முகத்தில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். ஒருவேளை நிஜமாகவே புறா அவருக்குப் பிடித்திருந்ததோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அப்படி நினைத்தால் தூக்கம் வரும் என்பதால்.

வரிகளுக்கு நடுவே விடுகிற இடைவெளியை, லீடிங்கை, கொஞ்சம் கூட்டியிருந்தால் வரி போன தடமே இருந்திருக்காது. இருபது வருஷ அனுபவம் உள்ளவனுக்கு அது தெரியாதா? ஏன் செய்யவில்லை? பொய் என்று யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான் புறாவை வைத்தேனோ என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மணி ஒன்பது, கரண்ட் எப்போது போகுமோ என்று அவசரமாக வேலை பார்த்தேன். கையில் கிடைத்ததை வைத்தேன். அதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை அச்சடித்திருந்தால் சுவர் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது. வாசிக்கும்போது நாலு பேர் எழுந்து போயிருப்பார்கள், அடுத்த வருஷம் ஐக்கிய வாரமே இருந்திருக்காது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்திருந்த சுவரை 1910இல் இடித்தபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது என்பார்கள் பெரியவர்கள். இடிக்கிறவருக்கு அந்தத் தெம்பு வேண்டும். அச்சகத்தில் மாதச் சம்பளக்காரனிடம் அதை எதிர்பார்க்கலாமா? இப்படிச் சொல்லும்போதே இன்னொன்றும் தோன்றிவிடுகிறது. சிஸ்டர் என்னை எதையும் இடிக்கச் சொல்லவில்லை. மூன்று வரி அடிக்கச் சொன்னார்.

2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எதிர்ப்புக் கூட்டத்துக்கு எல்லாச் சபைகளும் சேர்ந்து போட்ட நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். பிதாவா தந்தையா என்று அன்று ஒருவர் கேட்கவில்லை. பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். 2004இல் அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அப்புறம் பழையபடி ஆளுக்கொரு திசை. வெளியிலிருந்து அடி விழும்போது நமக்கு வருகிற ஒற்றுமை பெரிசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடி விழுகிற நேரத்தில் 'இப்ப இதைப் பேசுற நேரமா' என்பார்கள், விழாத நேரத்தில் 'நல்லா போயிட்டு இருக்கும்போது எதுக்கு' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சபையே ஐக்கியத்தில் பிறந்ததுதான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதற்கு முன்பே ஒன்றாகியிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தவர்களில் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா ஐயரும் ஒருவர். 1945இன் முதல் நாள் இறந்துபோனார், பலனைப் பார்க்கவில்லை. 'அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்ற வசனம் எங்கள் சபைச் சின்னத்தில் உண்டு. லெட்டர்பேட், ரசீதுப் புத்தகம், காலண்டர் என்று ஆயிரக்கணக்கில் அந்தச் சின்னத்தை அடித்துத் தந்திருக்கிறேன். அதே கையால் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களும் டைப் செய்கிறேன். சி.எஸ்.ஐ. என்று போட்டு, அடுத்த சொல் சாதி. என் மகளுக்கும் நானேதான் டைப் செய்தேன், அதே வரிசையில்.

என் அப்பா படுத்திருக்கிற கல்லறைத் தோட்டத்தில் சுவர் கிடையாது. ஒரு வரிசை வேப்பமரம்தான். எந்தப் பக்கம் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வருஷ ஆராதனை நன்றாகவே நடந்தது. கூட்டம் நிறைய. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இரண்டு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் சொல்ல, ஆமென் மட்டும் முன்னப்பின்ன வந்து எல்லோரும் சிரித்தார்கள். மன்றாட்டுகளை வாசித்தது சிஸ்டர்தான். மூன்றாவதை முடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, மூச்சு வாங்கியதாகவும் இருக்கலாம். நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் டெல்லிக்கான ஜெபத்தை வாசித்தார். அடுத்த வருஷமே அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. எந்த மடத்துக்கு என்று விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன சொல்வது?

இந்த ஜனவரியிலும் வேலை வந்தது. செயலர் புது ஆள், பழையவர் காலமாகிவிட்டார். அவருடைய அடக்க ஆராதனை முறைமையையும் நான்தான் அடித்தேன். பழைய ஃபைலைத் திறந்து அதிலேயே புது ஜெபங்களைப் போடுவதுதான் வழக்கம் என்பதால் புறா வருஷா வருஷம் கூடவே வந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை ஜெபங்கள் கொஞ்சம் நீளம். பதினோராம் பக்கம் நிஜமாகவே பத்தவில்லை. புறாவைத் தூக்கிவிட்டு புரூஃப் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணாச்சி, அந்தப் புறா எங்க? அது நம்ம ஐக்கிய வாரத்துக்கே அடையாளம்லா. எழுத்தைச் சின்னதாக்கி எப்படியாவது வச்சிருங்க."

"சரி சார்" என்றேன். வைத்துவிட்டேன்.