அப்பாவின் ஜீப்

நேற்று அப்பாவின் மிட்சுபிஷி ஜீப்பை விற்றுவிட்டேன். 2659 சிசி, 4டிஆர்5 டீசல் எஞ்சின். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

மழையில் தேயிலைத் தோட்டத்துப் பாதை சேறாகிவிட்டால், பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கியரை அப்பா லோவில் தள்ளுவார். வேகம் குறையும், இழுவை கூடும். நான்கு சக்கரமும் சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும். அப்படித்தான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை இரவோடு இரவாக டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. அவர் உள்ளங்கை பட்டுப் பட்டே அந்தக் கியரின் பிடி வழவழப்பாகிவிட்டது.

எனக்குக் கொழும்பில் வேலை. கொட்டகையில் துருப்பிடிக்க விட மனமில்லை. வாங்கியவர் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்யும் தம்பி.

"கவலைப்படாதீங்க அண்ணே, லீக்ஸ் மூட்டையும் ஏத்துவேன், அவசரத்துக்கு ஆளையும் ஏத்துவேன்" என்றார். சரி, அது போதும் என்று விலையைக் கொஞ்சம் குறைத்தேன்.

வளைவில் திரும்பும்போது ஹோர்ன் அடித்தார். அம்மா வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.