இது நான் இல்லை

இந்த வாரம் முழுக்க ஒரு நுரையீரல் மருத்துவரின் கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பதிலேயே போய்விட்டது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். என்னென்ன எழுதினார், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ் என்ற எண் எவ்வளவு என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது ஆராய்ச்சி அலுவலகத்தில் என் வேலை. திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 15 வருஷம் ஆகிறது. அதில் 11 வருஷம் இந்த மேசையில்தான்.

டாக்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் சிக்கலே பெயரில்தான் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் சாதிப் பட்டங்கள் பல, நாளடைவில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். பிள்ளை, நாயுடு, படையாச்சி எல்லாம் அப்படி வந்தவைதான். மருத்துவ இதழ்களின் மேற்கோள் பட்டியலில் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் மட்டும்தான் நிற்கும். இந்த ஊரில் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் தேடினால் தெருவே எழுந்து வந்து நிற்கும்.

அப்படித்தான் ஆனது. தரவுத்தளத்தில் அவர் பெயரில் இருந்த பக்கத்தைத் திறந்தேன், எச்-இண்டெக்ஸ் 11 என்று காட்டியது. கூடவே கான்கிரீட் வெடிப்பு பற்றி ஒரு கட்டுரை, பல் வேர் சிகிச்சை பற்றி இரண்டு, கடல் நத்தை பற்றி ஒன்று! டாக்டரையே வரச் சொன்னேன். வார்டு சுற்று முடித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கூடக் கழற்றாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக, இது நான் இல்லை, இதுவும் நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். கான்கிரீட் கட்டுரைக்கு 40-க்கு மேல் மேற்கோள். அதை எடுத்தால் எண் இறங்கும் என்று சொன்னேன். இறங்கட்டும், எடுத்துவிடுங்கள் என்றார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எல்லாம் எடுத்த பிறகு 9 ஆனது.

எச்-இண்டெக்ஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். குறைந்தது 9 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 9 இருந்து, குறைந்தது 10 பெற்றவை 10 இல்லையென்றால், எண் 9. அவ்வளவுதான். வசதியான கணக்கு, அதனால்தான் குழுக்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை அது பார்க்கவே பார்க்காது. 1960-ல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் பெரும்பாலும் இந்த நாட்டின் வடமேற்கு கேப் பகுதியோடு தொடர்புடைய 33 நோயாளிகளை வைத்து, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோயை நீல ஆஸ்பெஸ்டாஸோடு இணைத்துக் காட்டினார்கள். உலகம் ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்த பார்வையே அதற்குப் பிறகு மாறியது. ஒருவர் வாழ்நாளில் அந்த ஒன்றை மட்டும் எழுதியிருந்தால், ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவர் எச்-இண்டெக்ஸ் 1 தான். எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. காசநோய்க்கு எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்று அரசு போடும் சிகிச்சைக் கையேட்டில் ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தால், அந்தக் குறிப்பு பெரும்பாலும் கணக்கில் ஏறாது. கிளினிக்கில் நர்ஸ் கையில் வைத்திருப்பது அந்தக் கையேட்டைத்தான், இதழை அல்ல.

சரி, டாக்டர் கதைக்கு வருகிறேன். 9 என்ற எண் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாகக் காசநோய் வார்டில் இருப்பவருக்கு 2011-க்கு முன்னால் ஒரு கட்டுரை கூடவா இருக்காது? கேட்டேன். 2010-ல்தான் கல்யாணம் ஆனதாம். அதற்கு முன் எழுதியதெல்லாம் அப்பாவின் குடும்பப் பெயரில். அந்தப் பெயரும் இதே போல ஊரெல்லாம் இருக்கிற பெயர். அவருடைய கட்டுரைகள் வேறு ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. இந்த இடத்தில் எத்தனை பெண்களின் பாதி உழைப்பு இப்படித் தொலைந்திருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

அவற்றில் ஒன்று, பயிற்சி மருத்துவராக இருந்தபோது சளிப் பரிசோதனை முடிவு வரத் தாமதமாவது பற்றி எழுதிய நாலு பக்கக் கட்டுரை. திரையில் அது வந்ததும் "அய்யோ" என்றார். அவருக்குத் தமிழ் கோயில் தமிழ்தான், நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். ஆனால் அந்த ஒரு சொல் தமிழில்தான் வந்தது. அப்புறம் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். 2006-ல் எங்கள் மாகாணத்தின் டுகேலா ஃபெரி என்ற ஊரைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத காசநோய் 53 பேருக்கு, அதில் 52 பேர் இறந்துபோனார்கள். சளி எடுத்த நாளிலிருந்து சுமார் 16 நாளுக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதைப் படித்த வாரம், தன் வார்டிலிருந்து அனுப்பிய சளிக் குப்பிகளின் பதிவை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தாராம். முடிவு வராத குப்பிகள்தான் அதிகம். அந்த நாலு பக்கம் பிறந்தது அப்படித்தான்.

இரண்டு பெயர்களையும் இணைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். ஆராய்ச்சியாளர்களுக்கு ஆளுக்கொன்றாகத் தரும் ஓர்கிட் (ORCID) எண் ஒன்றையும் அன்றே உருவாக்கினோம், 16 இலக்கம், கல்யாணம் ஆனாலும் மாறாது. ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆளுக்கொரு எண் இருந்தது, என் ஆயாவின் எண் இன்னும் வீட்டில் இருக்கிறது என்றார் டாக்டர்.

நேற்று திருத்தம் வந்துவிட்டது. இப்போது 12. போன் செய்தேன். எண்ணைக் கேட்கவில்லை, அந்த நாலு பக்கம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். வந்துவிட்டது என்றேன். அதை மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னார், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கும் அப்பாவுக்கு.

மேசையில் அடுத்த கோப்பு தயாராக இருக்கிறது. அதே குடும்பப் பெயர், அதே முதலெழுத்து, இவர் குழந்தைகள் மருத்துவர்.