சிப்பாய்களுக்கு ஒரு சுவர்

1806இல் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்து செத்த சிப்பாய்களுக்கு அந்தக் கோட்டைக்குள்ளேயே ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். அந்த அலைச்சலை விடுங்கள். கடைசியில் 300 மீட்டருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம் தன் மதில் சுவரைக் கொடுத்தது. இந்த மாதிரி யோசனை இருப்பவர்கள் முதலில் இடத்தை அளந்துவிட்டு அப்புறம் படம் போடுங்கள்.

எங்களுக்குள் நிஜமான சண்டை அதற்கப்புறம்தான். வேலூரில் மக்கான் சந்திப்பு அருகே அந்தச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் ஏற்கெனவே நிற்கிறது. துப்பாக்கி ஏந்திய வீரன் சிலை வேண்டும் என்றார் எங்கள் சிற்பி. எனக்கு ஒப்பவில்லை. ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைச் சுட்டார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார். பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இதை ஒரே ஒரு ஆவேச முகத்தில் எப்படிக் காட்டுவது?

வழி சொன்னது கரிகிரியிலிருந்து வந்த மண்பாண்டக்கார அண்ணன். "சண்டை எதுல ஆரம்பிச்சுது தம்பி? தலைப்பாகையிலதானே? அதையே செஞ்சிடலாம்" என்றார். தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆகவே அவர்களைக் கழற்றச் சொன்ன பழைய தலைப்பாகைகள், சுட்ட மண்ணில், ஒவ்வொன்றும் வேறு கட்டு.

மண் கனமாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும். பின்பக்கம் குடைந்து, சிமெண்ட் பிடிக்கக் கோடு கீறி, ஈரச் சாக்கு மூடி நிழலில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். வேலூர் வெயிலில் அவசரப்பட்டால் விரிசல்தான். அண்ணன் எங்களை அந்தப் பக்கமே விடவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

எத்தனை வைப்பது? செத்த சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கு, 800 என்று இன்னொரு கணக்கு. எண்ணை விட்டுவிட்டுச் சுவர் கொள்ளும் மட்டும் பதித்தோம். வாசகத்தைத் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் வைத்தோம். அதில் கொல்லப்பட்ட ஆங்கிலேயர்களுக்கும் ஒரு வரி உண்டு. சிற்பிக்கு இன்றுவரை அந்த வரியில் உடன்பாடு இல்லை. ஆனால் கல்லில் எழுத்து வெட்டிக் கொடுத்தவர் அவர்தான்.